மாற்றுச் சேவையகம்: மும்பை மின்கட்டுப்பாட்டின் வழியே ஒரு வரலாறு

ஆலையையோ மின்வலையையோ இரவும் பகலும் கண்காணித்து இயக்கும் கணினி நின்றுவிட்டால், அதன் வேலையைச் சில நொடிகளுக்குள் எடுத்துக்கொள்ளும்படி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கணினி மாற்றுச் சேவையகம் எனப்படும். கண்ட்ரோல் ரூம் பேச்சில் இது 'ஸ்டாண்ட்பை சர்வர்'. அலுவலகத்தில் சர்வர் நின்றால் வரிசை நீளும், கோப்பு தாமதமாகும், மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். கொதிகலனில் ஏறும் அழுத்தமும், மின்கம்பியில் கூடும் சுமையும் மறுநாள்வரை பொறுத்திருப்பதில்லை. சர்வர் நின்ற கணம் முதல் ஷிஃப்டில் இருக்கும் இயக்குநர் கண் கட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். திரையில் தெரியும் எண்கள் பழையவை என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று என்று இதன் வரலாற்றை எழுதிவிட முடியும். ஆனால் எண்ணிக்கை பெருகியது இந்த வரலாற்றின் சிறு பகுதிதான். இரண்டாவது இயந்திரம் முதலாவதோடு எதையெல்லாம் பகிர்ந்துகொள்கிறது என்பது ஒவ்வொரு விபத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டது. ஒரே அறை, ஒரே கேபிள் தட்டு, ஒரே மென்பொருள், ஒரே மின்பாதை, சில வேளை ஒரே மழை. துறையில் இதைப் 'பொதுக் காரணப் பழுது' என்கிறார்கள். இந்தக் கதையைத் தொடர மும்பை நல்ல இடம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளிலேயே அந்த நகரத்தின் மின் வரலாற்றின் முக்கியமான இடங்கள் சில இருக்கின்றன.

அமைப்பும் இயக்கமும்

மின்வலையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் ஆர்.டி.யு. என்ற தொலை முனையப் பெட்டி இருக்கும். வோல்டேஜ் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு, பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அது மையத்துக்குச் சொல்லும். மையத்தில், தொலைவிலிருந்தே கண்காணித்துக் கட்டளையிடும் ஸ்காடா மென்பொருளைத் தாங்கும் சர்வர்கள் இரண்டு. ஒன்று பொறுப்பில் இருக்கும். மற்றது அதன் தரவுகளை நகலெடுத்தபடி காத்திருக்கும். 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சிறு செய்தி இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஓடும். அதன் பெயர் 'ஹார்ட்பீட்'. குறித்த எண்ணிக்கையில் துடிப்பு வராமல் போனால் காத்திருந்த சர்வர் பொறுப்பேற்கும். இந்தக் கைமாற்றம் 'ஃபெயில்ஓவர்'.

காத்திருப்பதிலும் தரம் உண்டு. தரவுகள் கணத்துக்குக் கணம் நகலாகி, எந்நேரமும் பொறுப்பேற்கத் தயாராக நிற்பது 'ஹாட் ஸ்டாண்ட்பை'. இயங்கிக்கொண்டிருந்தாலும் பொறுப்பேற்கச் சற்று நேரம் கேட்பது 'வார்ம்'. அணைத்து வைத்திருந்து, தேவைப்படும்போது ஆள் வந்து போட வேண்டியது 'கோல்ட்'. மின்வலையின் முதன்மைக் கட்டுப்பாட்டுக்குக் கடைசி வகை உதவாது.

இரண்டு சர்வர்களும் நல்ல நிலையில் இருக்கும்போதே, நடுவில் இருக்கும் கம்பி மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? மற்றது செத்துவிட்டது என்று இரண்டும் நினைக்கும். இரண்டும் பொறுப்பேற்றுக் கட்டளை அனுப்பத் தொடங்கும். 'ஸ்ப்ளிட் பிரெயின்' என்ற இந்த நிலை, ஒரு சர்வர் நின்றுபோவதைவிட ஆபத்தானது. அதனால் துடிப்புச் செய்தி தனித்தனிப் பாதைகளில் அனுப்பப்படுகிறது; தீர்ப்புச் சொல்ல மூன்றாவது சாட்சி ஒன்றும் சில அமைப்புகளில் வைக்கப்படுகிறது. வலைப்பின்னலிலும் இதே கவனம் வேண்டும். ஐ.இ.சி. 62439-3 தரம் விவரிக்கும் பி.ஆர்.பி. முறையில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு தனி வலைகளில் ஒரே நேரத்தில் போகும். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தள்ளிவிடுவார்கள். ஒரு வலை அறுந்தால் மாற்றிக்கொள்ள ஒரு நொடிகூடத் தேவையில்லை, ஏனென்றால் மாற்றம் என்ற ஒன்றே அங்கு நிகழ்வதில்லை.

சர்வருக்கு முந்திய மும்பை

மாற்று ஏற்பாடு கணினியோடு பிறந்ததில்லை. டாடா நீர்மின் நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் லோனாவ்லா பக்கத்து ஏரிகளில் தேக்கிய மழைநீரைக் கொண்டு கோபோலியில் மின்சாரம் எடுத்து, 1915இல் பம்பாய்க்கு அனுப்பத் தொடங்கியது. அது பரேலுக்கு வந்து சேர்ந்தது. மும்பை மின்துறையில் இன்றும் துணை மின்நிலையத்துக்கு 'ரிசீவிங் ஸ்டேஷன்' என்ற பெயர் வழங்குகிறது. மலையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும் இடம் என்ற பொருள் அதில் இருக்கிறது. தாராவி ரிசீவிங் ஸ்டேஷன் அந்த வரிசையில் ஒன்று. ஷாலிமார் தொழிற்பேட்டைக்கு அருகே அது இருக்கிறது. அதன் அஞ்சல் முகவரியில் எழுதப்படுவது மாட்டுங்கா. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் தொழிலோடு வந்தவர்களின் தாராவியும், ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் மாட்டுங்காவும் அந்த ஒரு வேலிக்கு இரு பக்கமும் விரிகின்றன.

கோபோலிக்குப் பின் 1922இல் பிவ்புரி, 1927இல் பிரா. மூன்று நிலையங்கள், மூன்று பாதைகள். ஒன்றில் டர்பைன் பழுதானால் மற்ற இரண்டு தாங்கும். பஞ்சாலைகள் சொந்தக் கொதிகலன்களைக் கைவிட்டு இந்த மின்சாரத்தை நம்பி வந்தன. ஆனால் மூன்றும் ஒரே மலைத்தொடரில், ஒரே பருவமழையை நம்பி நின்றவை. மழை பொய்த்த ஆண்டில் மூன்றும் சேர்ந்தே தளரும். எண்ணிக்கையில் மூன்றாக இருந்தவை, மழை என்ற ஒரு காரணத்தின் முன்னால் ஒன்றாக இருந்தன. 1956இல் செம்பூரை அடுத்த டிராம்பே கடற்கரையில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோதுதான் நகரம் அந்தப் பொதுச் சார்பிலிருந்து வெளியே வந்தது. 1984இல் அங்கே நிறுவப்பட்ட ஐந்தாவது அலகு இந்தியாவின் முதல் 500 மெகாவாட் அலகு.

அக்காலக் கட்டுப்பாட்டு அறையில் சுவரை நிறைத்து ஒரு மைமிக் பலகை இருக்கும். வலையின் படம் அதில் கோடுகளாகவும் விளக்குகளாகவும் தெரியும். மேசையில் தொலைபேசி, பக்கத்தில் மணிக்கு மணி நிரப்பும் லாக் ஷீட். விளக்கு சொல்வதை நம்பாவிட்டால் நிலையத்துக்குப் போன் போட்டு, அங்கே இருப்பவரைப் பிரேக்கரைப் போய்ப் பார்த்து வரச் சொல்லலாம். பலகைக்கு மனிதக் கண் மாற்றாக நின்றது. மெதுவான மாற்றுதான், ஆனால் பலகையின் பழுது அந்தக் கண்ணைத் தொற்றாது.

மின்பாதையின் பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலேக்களை அமைத்த பொறியாளர்கள் இந்தப் பாடத்தைக் கணினிக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே படித்திருந்தார்கள். உயர் அழுத்தப் பாதைக்கு 'மெயின்-1', 'மெயின்-2' என்று இரு ரிலேக்கள் வைப்பது இன்று வழக்கம். இரண்டையும் ஒரே கம்பெனியிடம் வாங்கி ஒரே கணக்கில் இயக்குவதை நல்ல பொறியாளர் விரும்புவதில்லை. பிரேக்கரில் அதைத் திறந்துவிடும் ட்ரிப் காயில்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேட்டரி. ஒரு பேட்டரி அறையில் கோளாறு வந்தாலும் பிரேக்கர் திறக்க வேண்டும் என்பதே நோக்கம். மாற்றுச் சேவையக வரலாற்றில் பின்னால் வரப்போகும் பெரும்பாலான துன்பங்களுக்கு மருந்து இந்தப் பழைய வழக்கத்தில் ஏற்கெனவே இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

மூன்றில் இரண்டு

நம்பகமற்ற உறுப்புகளைக் கொண்டு நம்பகமான இயந்திரத்தைக் கட்ட முடியுமா என்ற கேள்வியைக் கணிதமாக எடுத்துக்கொண்டவர் ஜான் வான் நாய்மன். 1952இல் கலிஃபோர்னியாவில் அவர் ஆற்றி, 1956இல் அச்சான உரைகளில், ஒரே கணக்கைப் பல உறுப்புகளிடம் கொடுத்துப் பெரும்பான்மை விடையை ஏற்கும் முறை விளக்கப்பட்டது. அதே 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவரில் என்.ஆர்.எக்ஸ். ஆய்வு உலை விபத்துக்கு உள்ளானது. உலையை இயக்கும் அமைப்பும் அதைப் பாதுகாக்கும் அமைப்பும் ஒன்றையொன்று சாராமல் தனித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் கனடியப் பொறியாளர்களிடம் வலுப்பெற்றது.

அந்த என்.ஆர்.எக்ஸ். வடிவத்தில் கனடாவின் உதவியோடு டிராம்பேயில் எழுந்ததே சைரஸ் ஆய்வு உலை. 1960இல் இயங்கத் தொடங்கி 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. 1956இல் ஆசியாவின் முதல் உலையான அப்சரா, 1985இல் துருவா ஆகியவையும் அதே டிராம்பே அணு ஆய்வு வளாகத்தைச் சேர்ந்தவை. செம்பூரை ஒட்டிய அணுசக்தி நகரில் குடியிருந்த விஞ்ஞானிகளுக்கு 'மூன்றில் இரண்டு' அன்றாடச் சொல்.

அணு உலைகளில் நிலைபெற்ற அந்த முறை எளியது. ஒரே அளவை மூன்று தனி உணரிகள் அளக்கும். மூன்றில் இரண்டு 'ஆபத்து' என்றால் உலை நிற்கும். ஒன்றே ஒன்று வைத்தால், அது பழுதாகும்போது ஆபத்தைச் சொல்லாமல் விடலாம், அல்லது பொய்யாகக் கூவி உலையை நிறுத்தலாம். இரண்டு வைத்து அவை முரண்பட்டால் எதை நம்புவது என்று தெரியாது. மூன்று வைத்தால் ஒன்றின் பொய் மற்ற இரண்டால் அடங்கும். உலை ஓடும்போதே ஒரு தடத்தைக் கழற்றிச் சோதிக்கவும் வழி உண்டு. இந்தக் கடைசிப் பயனை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சோதிக்க முடியாத மாற்று வேலை செய்யுமா செய்யாதா என்பது விபத்து நாளில்தான் தெரியவரும். சோதிக்க இடம் தருவதாலேயே மூன்றாவது தடம் தன் விலையை ஈட்டிக்கொள்கிறது.

டிராம்பே அணு ஆய்வு வளாகத்தின் மின்னணுப் பிரிவிலிருந்து கிளைத்து 1967இல் ஹைதராபாத்தில் தொடங்கியது ஈ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனம்; ஏ.எஸ். ராவ் அதை உருவாக்கியவர். 1969இல் வெளிவந்த டி.டி.சி.-12 கணினியின் பெயரிலேயே டிராம்பே இருக்கிறது: 'டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்'. பின்னாளில் கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலைக்கு இந்தியப் பொறியாளர்கள் வகுத்த கணினி அமைப்பில் வாக்கெடுப்பு, மாற்றுக் கணினி என்ற இரு மரபுகளும் சேர்ந்தன. உலையை நிறுத்தும் பொறுப்புள்ள இடங்களில் மூன்று கணினிகளும் வாக்கெடுப்பும். அதற்கு அடுத்த நிலையில் இரண்டு கணினிகளும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடும் தனித் தருக்கச் சுற்றும்.

இரட்டைக் கணினிகளின் காலம்

கணினியையே இரண்டாக வைத்த முதல் பேரமைப்பு, அமெரிக்க வான்பாதுகாப்புக்காக 1958 முதல் இயங்கிய சேஜ். ஒவ்வொரு மையத்திலும் வெற்றிடக் குழல்களால் ஆன இரண்டு மாபெரும் கணினிகள். ஒன்று வேலை பார்க்க, மற்றது காத்திருந்தது. குழல்கள் அடிக்கடி கருகும் காலத்தில் வேறு வழியில்லை. 1976இல் டாண்டம் நிறுவனம் நிற்காத கணினியை விற்பனைப் பொருளாகவே கொண்டுவந்தது. 1975இல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் வெளியிட்ட பரவல் கட்டுப்பாட்டு அமைப்புகள், ஆலை முழுவதையும் ஒரே கணினி ஆளும் முறையைக் கைவிட்டு வேலையைப் பல சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பங்கிட்டன. ஒரு பெட்டி நின்றால் ஆலையின் ஒரு மூலை மட்டும் தடுமாறும். உலகெங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் காற்றழுத்தப் பேனல்களைக் கழற்றி இந்த முறைக்கு மாறின. செம்பூர் மாகுல் பக்கத்தில் இருக்கும் ஆலைகளும் அதே குடும்பம்தான்.

இந்திய மின்வலையில் 2000க்குப் பிறகு மண்டலம் மண்டலமாகச் சுமைப் பகிர்வு மையங்கள் புதிய கணினிகளோடு அமைந்தன. மேற்கு மண்டல மையம் மும்பை அந்தேரியில். மகாராஷ்டிர மாநில மையம் ஐரோலியில். தென்மண்டல மையம் பெங்களூரில். 2009இல் தில்லியில் தேசிய மையம் திறக்கப்பட்டது. அதன் மாற்று மையம் கொல்கத்தாவில் இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த மாற்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போனது. அருகருகே இருக்கும் மாற்றுகள் சேர்ந்தே அழியலாம் என்பதை அதற்குள் விபத்துகள் காட்டியிருந்தன.

ஒரே தட்டில் கிடந்த கேபிள்கள்

உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலை 3:30 மணியளவில் டர்பைனின் இறகுகள் உடைந்தன. அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடுகள் அங்கே இருந்தன. ஆனால் முதன்மைக் கேபிளும் மாற்றுக் கேபிளும் போதிய இடைவெளியும் தடுப்பும் இல்லாமல் ஒரே வழியில் போயிருந்தன. தீ இரண்டையும் சேர்த்தே எரித்தது. நிலையம் முழுதும் மின்சாரமின்றி ஏறத்தாழ 17 மணி நேரம் கிடந்தது. புகை நிறைந்ததால் கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியேற நேர்ந்தது. உலை முதலிலேயே நிறுத்தப்பட்டிருந்தாலும், அது மறுபடி உயிர்பெறாமல் இருக்க ஊழியர்கள் இருட்டில் டார்ச் விளக்கோடு மேலேறிப் போய், போரான் கரைசலைத் திறந்துவிடும் வால்வுகளைக் கையால் திருகினார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளின் தண்ணீர் நீராவி ஆக்கிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது.

அந்த டார்ச் விளக்குகள் அன்று எந்தக் கேபிளையும் நம்பியிருக்கவில்லை என்பதை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு. அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெரியில் 1975லேயே இதே போன்ற கேபிள் தீ ஏற்பட்டிருந்தது. முதன்மையான 'ஏ' தடமும் மாற்றான 'பி' தடமும் வெவ்வேறு சுவர்களுக்குப் பின்னால் போக வேண்டும் என்ற விதி இத்தகைய தீக்களில் எழுதப்பட்டது.

மும்பைக்கு இந்தப் பாடம் தண்ணீரின் வடிவிலும் வந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தை நோக்கிப் போகும் மித்தி ஆறு கரைமீறியது. புறநகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. தரைத்தளத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கும் இரு சர்வர்களுக்கும், அவற்றின் இரு யு.பி.எஸ். பெட்டிகளுக்கும் வெள்ளம் ஒன்றுதான்.

ஒரே மென்பொருள்

தனி அறை, தனிக் கேபிள், தனி பேட்டரி எல்லாம் செய்தாலும் இரு சர்வர்களும் ஒரே மென்பொருளை ஓட்டினால் என்ன நடக்கும் என்பதை 1996 ஜூன் 4இல் ஏரியன்-5 ராக்கெட் காட்டியது. அதன் இரு திசைகாட்டும் கணினிகளிலும் ஒரே நிரல். ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் அடைக்க முயன்று முதலில் மாற்றுக் கணினி நின்றது. நொடிக்கும் குறைவான நேரத்தில் பொறுப்பில் இருந்ததும் அதே காரணத்தால் நின்றது. ராக்கெட் சிதறியது.

தொழிலகக் கட்டுப்பாட்டுத் துறை மறக்காத நாள் 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்க ஒஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட் எனர்ஜி மின் நிறுவனத்தில், பிற்பகல் 2:14க்கு எச்சரிக்கை ஒலிக்கும் நிரல் சத்தமில்லாமல் செத்தது. திரை தெரிந்தது, எண்கள் வந்தன, எச்சரிக்கை மட்டும் இல்லை. எச்சரிக்கை வராததால் எல்லாம் சரி என்றே ஷிஃப்டில் இருந்தவர்கள் எண்ணினார்கள். தேங்கிய செய்திகளின் பாரத்தில் 2:41க்கு முதன்மைச் சர்வர் விழுந்தது. விதிப்படி மாற்றுச் சர்வர் பொறுப்பேற்றது. முடங்கிக் கிடந்த அந்த நிரலையும் அதன் குவியலையும் சேர்த்தே ஏற்றது. 2:54க்கு அதுவும் விழுந்தது. கணினிப் பிரிவினருக்குத் தானியங்கிச் செய்தி போயிற்று; வலையை இயக்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரங்களில் உரசி மின்பாதைகள் ஒவ்வொன்றாக விலகின. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொட்டால் மட்டும் தலைகாட்டும் பிழை அது என்று பிறகு தெரிந்தது.

அன்று ஃபெயில்ஓவர் வெற்றிகரமாக நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றுச் சர்வர் தனக்குச் சொல்லப்பட்டதைப் பிழையில்லாமல் செய்தது. நகல் உண்மையாக இருந்ததாலேயே நோயும் உண்மையாக நகலானது.

இதற்குப் பிறகு 'வாட்ச்டாக்' எனப்படும் காவல் நிரல்கள் மென்பொருளுக்குள் இன்னும் ஆழமாகப் போயின. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது போதவில்லை. எச்சரிக்கைப் பிரிவு வேலை செய்கிறதா, திரையில் தெரியும் எண் எத்தனை நொடிப் பழையது என்றும் கேட்க வேண்டியிருந்தது.

தீங்கு செய்ய நினைப்பவரும் நகலை விரும்புகிறார். ஒரு சர்வருக்குள் போன கிருமி நிரலை மற்றதற்குக் கொண்டு சேர்க்கும் வேலையை நகலெடுப்பே செய்துவிடும். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைக் கட்டுப்பாட்டு வலை தனித்திருந்ததால் அது அங்கே போகவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் சவூதி அரேபிய ஆலை ஒன்றின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் 'ட்ரைடன்' என்ற தீநிரல் நுழைந்தது. அவை மூன்று செயலிகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் வகையைச் சேர்ந்தவை. நிரல்கள் ஒத்துப்போகாததைச் செயலிகளே கண்டு ஆலையை நிறுத்தின. தாக்குதல் வெளியே தெரிந்ததே அந்த முரண்பாட்டால்தான். டிராம்பேயில் வேரூன்றிய வாக்கெடுப்பு மரபின் தூரத்து உறவு அது.

தீவாகும் நகரம்

கடலைத் தூர்த்து ஏழு தீவுகளை இணைத்து உருவான மும்பைக்கு, ஆபத்து வேளையில் மறுபடி தீவாகும் ஏற்பாடு மின்சாரத்தில் உண்டு. 'ஐலண்டிங்' என்பது அதன் பெயர். வெளியே மாநில வலை சரியத் தொடங்கி, 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அலைவெண் குறித்த அளவுக்குக் கீழே போனால், நகரத்தை வெளியோடு இணைக்கும் பிரேக்கர்களை ரிலேக்களே திறந்துவிடும். உள்ளே டிராம்பே, தஹானு அனல்மின் நிலையங்களும் மலை நீர்மின் நிலையங்களும் தருவதை வைத்து நகரம் தனியே ஓடும். உள்ளே இருக்கும் உற்பத்திக்கு மேல் சுமை இருந்தால், முன்பே வரிசைப்படுத்திய பகுதிகள் நொடிகளுக்குள் துண்டிக்கப்படும். இந்த ஏற்பாடு பலமுறை நகரத்தைக் காத்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும், பிறகு கிழக்கும் வடகிழக்கும் இருண்டு ஏறத்தாழ 62 கோடி மக்கள் வாழும் பரப்பு மின்சாரம் இழந்தபோது மேற்கு மண்டலம் சரியாமல் தாங்கியது. மும்பை தீவாகாமலேயே இருட்டிலிருந்து தப்பியது.

2020 அக்டோபர் 12 காலையில் கணக்கு தவறியது. மும்பைக்கு மின்சாரம் அனுப்பும் கல்வா, கார்கர் நிலையங்களுக்கு வெளியிலிருந்து வரும் 400 கிலோவோல்ட் பாதைகள் அதிகாலை முதலே ஒன்றன்பின் ஒன்றாக விலகின. மிஞ்சிய பாதைகளில் சுமை ஏறியது. 10 மணியளவில் நகரம் தீவாகப் பிரிந்தது. பிரிந்த தீவு நிலைக்கவில்லை. டிராம்பேயில் ஓடக்கூடிய அலகுகள் 930 மெகாவாட், தஹானு 500, மலை நிலையங்கள் 447. இவை நிறுவிய திறன். அந்தக் காலையில் ஓடிக்கொண்டிருந்தது இதைவிடக் குறைவு. மும்பையின் உச்சத் தேவையோ 3,500 மெகாவாட்டைத் தாண்டும். வெளியிலிருந்து மலிவாக மின்சாரம் வரும்போது உள்ளூர் அலகுகளைக் குறைத்து ஓட்டுவது சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிக்கனத்தில் மாற்று கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டிருந்தது. தீவாவதற்கான ரிலேக்கள் கட்டளைப்படி திறந்தன, நகரத்தைச் சுமக்கும் பலம் உள்ளே இல்லை.

புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்றன. கொரோனாத் தொற்றுக் காலம் அது. மருத்துவமனைகள் டீசல் ஜெனரேட்டர்களுக்கு மாறின. மும்பைப் பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. ரயில்கள் மறுபடி ஓட நண்பகலானது. பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப மாலையும் ஆனது.

2021 பிப்ரவரி இறுதியில் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று, சீனாவோடு தொடர்புடைய குழு இந்திய மின்துறைக் கணினிகளைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் இணையத் தாக்குதலுக்கான அறிகுறிகளைப் பற்றிப் பேசினார். மத்திய மின்துறை அமைச்சர் மனிதப் பிழையே காரணம் என்றார். அந்த விவாதத்தின் சத்தத்தில், தீவு ஏன் நிலைக்கவில்லை என்ற எளிய கேள்விக்குக் கிடைத்த கவனம் குறைவு. என் பார்வையில் அந்த நாளின் முக்கியமான கேள்வி அதுதான். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் வரும் பாந்த்ரா-குர்லா வளாகத்திலும் அந்தப் பிப்ரவரியில், இருந்தும் உதவாத மாற்றின் இன்னொரு முகம் தெரிந்தது. தேசியப் பங்குச் சந்தையில் 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11:40க்கு வணிகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறு தரவுச் சேமிப்பு அமைப்பைப் பாதித்திருந்தது. பேரிடர் மீட்பு மையம் இருந்தும் சந்தை அதற்கு மாறவில்லை; பிற்பகல் 3:45க்கே மறுபடி திறந்தது. சந்தை, ஆலையைப் போன்ற தொழிலகம் ஆகாது. ஆனாலும், எந்நேரம் மாறுவது, யார் சொல்லி மாறுவது என்பதை முன்பே முடிவு செய்யாமல் வைத்திருக்கும் மாற்று, இருந்தும் எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடைக்காது.

மீட்பும் புதிய பாதையும்

முழுதும் இருண்ட வலையை எழுப்புவது தனிக் கலை. அனல் நிலையம் தன் பம்புகளையும் விசிறிகளையும் ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் கேட்கும். நீர்மின் நிலையத்துக்கு மேலே தேங்கிய நீரும், வால்வைத் திறக்கச் சிறு பேட்டரியும் இருந்தால் போதும். அதனால் 'பிளாக் ஸ்டார்ட்' என்ற இருள்நிலைத் தொடக்கத்தில் மலை நிலையங்களின் பங்கு இன்றும் பெரிது. நூறாண்டுக்கு முன் பஞ்சாலைகளுக்காகக் கட்டிய ஏற்பாடு, நகரத்தின் கடைசி மாற்றாக நிற்கிறது.

இந்த மீட்பில் சேவையகத்துக்கும் சோதனை உண்டு. வலை இருண்டிருக்கும் மணிநேரங்களில் மையத்தின் சர்வர்களும் துணை நிலையங்களின் ஆர்.டி.யு.க்களும் பேட்டரியில் ஓட வேண்டும். எந்தப் பிரேக்கர் திறந்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு பாதையை உயிர்ப்பித்தால், எழுந்த வலை மறுபடி விழும். வலை முழுதும் நின்ற பிறகும் கண்காணிப்பு நிற்கக்கூடாது என்பதால், சர்வர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவற்றின் எண்ணிக்கையைப் போலவே முக்கியமாகிறது. இரு சர்வர்களுக்கும் ஒரே யு.பி.எஸ். என்றால் அங்கே இருப்பது ஒரு சர்வர்தான்.

2020க்குப் பிறகு மும்பைக்குள் மின்சாரம் வரும் வழிகளைப் பெருக்கும் வேலைகள் வேகம் பிடித்தன. கார்கரிலிருந்து விக்ரோலிக்கு 400 கிலோவோல்ட் பாதை 2023இல் வந்தது. நகருக்குள் 400 கிலோவோல்ட் மின்சாரம் வந்து இறங்கிய முதல் இடம் விக்ரோலி. இடம் நெருக்கடியான நகரத்தில் திறந்தவெளி நிலையத்துக்கு வழியில்லாததால், கம்பிகளும் பிரேக்கர்களும் வாயு நிரப்பிய உலோக உறைக்குள் அடைக்கப்பட்டன. கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் அந்தப் பாதை இன்னொரு கோடாகத் தெரிகிறது. பழைய பாதைகள் இறங்கும் முற்றம் வேறு, இது இறங்கும் முற்றம் வேறு.